குடும்பஸ்தர்களுக்கு மட்டும்

திருப்பதியிலோ சித்தூரிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்த தமிழ்க் குமாஸ்தா எவரையும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இராது. சொந்த ஊரைப் பற்றியதாகவும் இராது. "ஃபேமிலி உந்தா?" என்பதே முதல் கேள்வி. உண்டு என்றால் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். இல்லை என்றால் கேட்டின் தாழ்ப்பாள் உள்பக்கம் விழும். நகரியில் தறிப் பட்டறைக்கு வேலைக்கு வரும் வாலிபனுக்கும் இதே கதிதான். பட்டறையின் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டு, ஊரில் பெண் பார்த்து முடிக்கும் வரை காலம் தள்ள வேண்டும். கல்யாணம் ஆனவன் என்றால் யோக்கியன், ஆகாதவன் என்றால் சந்தேகத்துக்கு உரியவன் என்பது எழுதப்படாத சட்டம். கல்யாணமாகி மனைவியைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டு வந்தவனுக்கு வீடு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்பது இந்தச் சட்டத்தின் விசித்திரம்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் ஜனங்களைச் சிரிக்க வைத்த படம் ஒன்று உண்டு. 1955-ம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்த "மிஸ்ஸியம்மா" அது. பட்டம் பெற்ற ஒரு வாலிபனுக்கு வேலை இல்லை. பட்டம் பெற்ற மேரி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கும் வேலை இல்லை. அதோடு கடன் தொல்லை வேறு. கடன் கொடுத்த டேவிட், பணத்தைக் கொடு அல்லது என்னைக் கட்டிக்கொள் என்று கழுத்தை நெரிக்கிறான். ஒரு ஜமீன்தார் தமது பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் தேடுகிறார். இருவர் வேண்டும், இருவரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும், அவர்கள் கணவன் மனைவியாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. முன்பின் பழக்கமில்லாத இருவரும் வயிற்றுப்பாட்டுக்காகப் புருஷன் பெண்சாதி என்று பொய் சொல்லி வேலையில் சேருகிறார்கள். பிறகு நடப்பதெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ரகளை.

இப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். கணவன் மனைவிச் சண்டையைச் சிரிப்பாக்குவது குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. உண்மையான கல்யாணத்தில் யாரும் கேட்கத் துணியாத கேள்விகளை இந்தப் பொய்க் கல்யாணம் தைரியமாகக் கேட்கிறது. மேரிக்குக் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அவள் தாலி கட்டிக்கொண்டவள் அல்ல. அவனுக்கு அதிகாரம் செய்ய உரிமை இல்லை. அவன் தாலி கட்டியவன் அல்ல. ஆகவே ஒவ்வொரு நாளும் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யார் எங்கே படுப்பது, வந்த விருந்தாளி முன் என்ன பொய் சொல்வது, சம்பளத்தை எப்படிப் பிரிப்பது, ஜமீன்தாரின் மகளுக்கு அவன் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாமா கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் வழக்கு, ஒவ்வொன்றுக்கும் ராஜி. உரிமை எதுவும் இல்லாத இடத்திலேயே மரியாதை முளைக்கிறது என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்லாமல் காட்டிவிடுகிறது. அவள் மனம் மாறுவதும் அவன் அதட்டியதால் அல்ல. ஆத்திரத்தில் அவள் கொட்டியதையெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டதுதான் காரணம்.

ஒரு மனைவி, இரு கணவர்

நகரி வாசிகளுக்கு இப்படத்தின் மீது தனிப் பாத்தியதை உண்டு. சென்னை வடபழனியில் விஜயா நிறுவனத்தார் இதை ஒரே சமயத்தில் தெலுங்கில் "மிஸ்ஸம்மா" என்றும் தமிழில் "மிஸ்ஸியம்மா" என்றும் எடுத்தார்கள். தயாரித்தவர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும். குழந்தைகளுக்கு "அம்புலிமாமா" கொடுத்த அதே இருவர்தாம். டைரக்டர் எல். வி. பிரசாத். தெலுங்கில் கணவன் என்.டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். துப்பறியும் மருமகனாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் தங்கவேலு. மனைவி மட்டும் இரண்டிலும் சாவித்திரி! ஜமுனாவும் எஸ். வி. ரங்காராவும் இரண்டிலும் உண்டு. தமிழுக்கு வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். நிலவைக் கூப்பிட்டுப் பாடும் அந்தப் பாட்டு எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மெட்டில் ஒலித்தது, எஸ். ராஜேஸ்வரராவின் சங்கீதம்.

1953-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போன்றோர் போராடிய காலம். 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரயில் பாதையில் சில ஸ்டேஷன்கள் தள்ளி இருக்கும் நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், பாகப் பிரிவினைப் பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்த நாளில், ஒரே வீட்டில் இரு பாஷையும் புழங்கும்படி எடுக்கப்பட்ட படம் இது. வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசுகிற நகரிக் குடும்பத்தில், மாமியார் ஒரு பதிப்பையும் மருமகள் மற்றொரு பதிப்பையும் புகழ்ந்து சண்டை போட்டால் அதில் வியப்பில்லை. இரு பதிப்பையும் பார்த்தவர்கள் தெலுங்குதான் ஒரு மாற்று உயர்வு என்பார்கள். தங்கவேலு இருக்கும்போது தமிழை அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

தெலுங்கு மேரியாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் பானுமதி. படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சக்ரபாணி கேட்டார், பானுமதி மறுத்தார், அவர் நடித்த ரீல்கள் தூர எறியப்பட்டன. ஜமுனா ஏற்ற வேடத்துக்கென்று வைத்திருந்த சாவித்திரி மேரியானார். மன்னிப்புக் கேட்க மறுத்து எழுந்து போன பானுமதியைவிட மேரிக்குப் பொருத்தமானவர் யார் என்று கேட்பவர்களும் உண்டு. எனினும் சாவித்திரியின் முகத்தில் கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுவதைப் பார்த்தவர் வேறு யாரையும் அங்கே நினைக்கமாட்டார்.

அந்த சாவித்திரியின் கதை மற்றொன்றையும் நினைவுபடுத்துகிறது. திரையில் கல்யாணம் ஆகாமலே ஆனதாகப் பொய் சொன்ன ஜெமினி கணேசனும் சாவித்திரியும், வெளியில் 1952-லேயே மணம் செய்துகொண்டு அதை ஊருக்குச் சொல்லாமல் இருந்தார்கள். ஜெமினிக்கு முன்பே குடும்பம் இருந்தது. திரைக் கல்யாணம் சுபமாக முடிந்தது. நிஜக் கல்யாணம் முடிந்த விதம் தமிழ்நாடும் ஆந்திரமும் அறியும். 1981-ம் ஆண்டு டிசம்பரில் சாவித்திரி காலமானார். 2018-ல் அவர் வாழ்க்கை "மகாநடி" என்றும் "நடிகையர் திலகம்" என்றும் படமாக வந்தபோது திருப்பதிக் கொட்டகைகளில் வயதான பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். படத்தில் மேரிக்குக் கிடைத்த பொறுமைசாலிக் கணவன், மேரியாக நடித்தவருக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் அந்தக் கண்ணீரில் பாதி.

படம் தயங்கிய இடம்

மிஸ்ஸியம்மாவுக்கு ஒரு குறையும் உண்டு. இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். இனி என்ன என்று கேட்கும் இடத்தில் படம் பயந்துவிடுகிறது. மேரி பிறவியிலேயே கிறிஸ்தவள் அல்லள், சிறு வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன ஜமீன்தாரின் மூத்த மகளே அவள் என்று துப்பறியும் மருமகன் கண்டுபிடித்துவிடுகிறான். சங்கடம் தீர்ந்தது, தாலி ஏறியது. மூலக்கதை ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய வங்காள நாடகம். நாடகத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றாலும், வேறு எத்தனையோ மாற்றியவர்கள் இதையும் மாற்றியிருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், விசேஷத் திருமணச் சட்டம் 1954-ல் நிறைவேறி, 1955-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. படம் வெளியானது ஜனவரி இரண்டாம் வாரத்தில். அதாவது மேரி மேரியாகவே இருந்துகொண்டு, எந்தப் பிறப்பு ரகசியமும் வெளிவராமலே, ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்திட்டு அவனை மணந்துகொள்ளச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. பார்லிமெண்டுக்கு இருந்த தைரியம் ஸ்டூடியோவுக்கு இல்லாமல் போயிற்று. திருப்பதியில் தெலுங்குப் பெண்ணைக் காதலித்துவிட்டு, ஜாதியையோ மதத்தையோ காரணம் காட்டி ஊரார் மறித்தால் என்ன செய்வது என்று விழிக்கும் தமிழ் வாலிபர்களுக்கு, தொலைந்துபோன ஜமீன்தார் மகள்கள் எளிதில் கிடைப்பதில்லை. அவர்களுக்கு உதவுவது அந்தச் சட்டம்தான். இந்த இடத்தில் படத்தை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக்கூடாது.

இதே கூட்டத்தார் மூன்று ஆண்டு முன்னதாக, 1952-ல், "கல்யாணம் பண்ணிப் பார்" என்று ஒரு படம் கொடுத்தார்கள். தெலுங்கில் "பெள்ளி சேசி சூடு". இன்று மிஸ்ஸியம்மாவை அறிந்தவர்களில் பாதிப் பேருக்கு இதன் பெயர் தெரியாது. ஆனால் தைரியத்தில் இது ஒரு படி மேல். ராமராவுக்கும் ஜி. வரலட்சுமிக்கும் கல்யாணம். பேசிய வரதட்சணைப் பணம் மணப்பந்தலில் வந்து சேரவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் மகனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். தாலி கழுத்தில், கணவன் வேறு ஊரில். இங்கே ஒரு சாதாரணப் படம் என்ன செய்யும்? பெண்ணை மூன்று பாட்டுக்கு அழ வைக்கும். இந்தப் படத்திலோ கணவன் பைத்தியம் பிடித்தவன்போல் வேஷம் போடுகிறான். அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்சாக மனைவியே அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். தகப்பனாரின் பேராசையின் மூக்கின் கீழேயே அவர்கள் குடித்தனம் நடக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். ஒன்பது ஆண்டு முந்திக்கொண்டு, வரதட்சணை வாங்குகிற அப்பனுக்குப் பயந்து நிற்காதே, பைத்தியமாக நடித்தாவது மனைவி பக்கம் போய்ச் சேர் என்று மகனுக்குச் சொன்ன படம் இது. மகன்கள் இன்றும் இந்த ஒரு யோசனையைத்தான் கேட்கக் காணோம்.

சாட்டையைக் கையில் எடுத்த காலம்

பிற்பாடு வந்த படங்களில் சிரிப்பின் திசை மாறிவிட்டது. படித்த, பணக்கார, வாய்த்துடுக்குள்ள மனைவி; அவளை வழிக்குக் கொண்டுவரும் கணவன்; கடைசியில் அவள் காலில் விழுவாள்; கொட்டகை கைதட்டும். "அறிவாளி" முதல் "பட்டிக்காடா பட்டணமா" வரை இந்த வார்ப்பில் எத்தனையோ வந்தன. ஷேக்ஸ்பியரே அடங்காப் பிடாரியை அடக்கும் நாடகம் எழுதியிருக்கிறாரே என்று சமாதானம் சொல்வார்கள். எழுதினார்தான்; அதற்காக நானூறு ஆண்டு கழித்து நெசவாளி வீட்டிலும் அதே பாடம் நடத்த வேண்டுமா? சிவாஜி கணேசனும் ஜெயலலிதாவும் 1972-ல் "பட்டிக்காடா பட்டணமா"வில் வெளுத்துக் கட்டினார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தப் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய கணவர்கள் மனைவியிடம் அன்று இரவு எந்தக் குரலில் சோறு கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

1982-ல் விசுவின் "மணல் கயிறு" காற்றைச் சற்றுத் திருப்பிவிட்டது. எட்டு நிபந்தனை போட்டு அதற்கேற்ற பெண் வேண்டும் என்று கேட்கும் மாப்பிள்ளைக்கு, நாரதர் நாயுடு எட்டுக்கும் நேர்மாறான பெண்ணைக் கட்டிவைத்துவிடுகிறார். நிபந்தனை போட்டவன்தான் இங்கே கோமாளி, பெண் அல்ல. கல்யாணத் தரகருக்கு நாயுடு என்று பெயர் வைத்ததில், எல்லையோரத்துக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு தனிச் சிரிப்பு சிரித்துக்கொள்ளலாம். ஆனாலும் எஸ். வி. சேகர் ஏமாற்றப்பட்டுத்தான் திருந்துகிறார். தானாகத் தப்பை உணர்ந்து மனைவி வீட்டு வாசலில் போய் நிற்கும் கணவனைத் தமிழ்ச் சிரிப்புப் படங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தவறு செய்த கணவன் திரும்பி வந்தால் கடைசிக் காட்சியில் மனைவி ஆரத்தி எடுத்து அழைத்துக்கொள்கிறாள். அவன் திரும்பி வந்ததே பெரிய தியாகம் என்பதுபோல வாத்தியம் முழங்குகிறது.

புறா வளர்த்த புருஷன்

இந்த இடத்தில், இந்தப் பக்கத்து வாசகர்களில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு சோவியத் படத்தைச் சொல்லத் தோன்றுகிறது. நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மலிவு விலைக்கு ருஷ்ய நாவல் வாங்கிய தலைமுறைக்கு சோவியத் என்றால் யுத்தமும் புரட்சியும் டிராக்டரும் நினைவுக்கு வரும். அங்கேயும் கணவன் சம்பளத்தைத் தின்றுவிட்டு வந்து திட்டு வாங்குவான், அதையும் படமாக எடுத்துச் சிரித்தார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1984-ல் மாஸ்பிலிம் ஸ்டூடியோவில் விளதீமிர் மென்ஷோவ் எடுத்த "காதலும் புறாக்களும்" அத்தகைய படம். மென்ஷோவின் முந்தைய படமான "மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை", அமெரிக்காவின் ஆஸ்கர் பரிசு பெற்றது; அதை இந்தியாவிலும் சிலர் பார்த்திருப்பார்கள். புறாப் படத்தை ருஷ்யாவில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவர்கள் நாலு கோடிக்கும் மேல். இங்கே அதன் பெயர்கூட வந்து சேரவில்லை.

கதை சாமானியர் கதை. வாசிலி மரம் வெட்டும் கம்பெனியில் தொழிலாளி. மனைவி நாத்யா. இரண்டு பெண், ஒரு பையன். வாசிலிக்குப் புறாப் பைத்தியம். வீட்டுக்குத் தர வேண்டிய பணத்தில் புறா வாங்கிவிட்டு அகப்பட்டுக்கொண்டு விழிப்பான். நாத்யா வாய் திறந்தால் தெருவே கேட்கும். அடுத்த வீட்டில் ஒரு கிழவன். குடிக்கக் காசு கிடைக்கும் என்று, உயிரோடு குத்துக்கல்லாட்டம் இருக்கும் தன் கிழவியைச் செத்துப் போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவிடுவான். இந்தக் கிழவன் கிழவியாக நடித்த செர்கேய் யூர்ஸ்கியும் நத்தாலியா தென்யாகோவாவும் நிஜத்திலும் கணவன் மனைவி. கிழவியாக நடித்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுதான் இருக்கும்.

வேலையில் அடிபட்ட வாசிலியைத் தொழிற்சங்கம் செலவு கொடுத்துத் தெற்கே கடற்கரை ஆரோக்கிய ஸ்தலத்துக்கு அனுப்புகிறது. கோட்டு சூட்டு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன் வீட்டு வாசற்கதவைத் திறந்து வெளியே கால் வைக்கிறான். நேராகக் கடலுக்குள் விழுகிறான்! பிரயாணம் முழுவதையும் ஒரே விழுதலில் சொல்லி முடித்த அந்தக் காட்சி ஒன்றுக்காகவே மென்ஷோவை மெச்சலாம். அங்கே ரயிசா என்ற சீமாட்டி கிடைக்கிறாள், அதே கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம், மாமிசம் தொடாதவள், தூரத்திலிருந்தே நோய் தீர்க்கும் மந்திர சக்தி பற்றிப் பேசுபவள். வாசிலி வீடு திரும்பவில்லை. ரயிசா வீட்டில் தங்கிவிட்டதாகக் கடிதம் மட்டும் வருகிறது.

இதற்குப் பிறகுதான் படம் தமிழ்ப் படங்களிலிருந்து பிரிகிறது. வாசிலிக்கு மனம் உறுத்தித் திரும்பி வருகிறான். ஆரத்தி இல்லை. மகன் கோடாலியை எடுத்துக்கொண்டு வருகிறான். வீட்டுப் படியேற முடியாமல் ஆற்றங்கரையில் ஒரு குடிசையில் தங்குகிறான். அவன் யாரிடமும் பஞ்சாயத்துக்குப் போகவில்லை, நான் ஆண்பிள்ளை என்று மார்தட்டவில்லை, காத்திருக்கிறான். நாத்யா மனம் கேளாமல், பிள்ளைகளுக்குத் தெரியாமல், இருட்டில் அவனைப் பார்க்கப் போகிறாள். மூன்று பிள்ளை பெற்ற கணவனும் மனைவியும் கள்ளக் காதலர்போல் ஒளிந்து ஒளிந்து சந்தித்து, மறுபடி காதலிக்கத் தொடங்குகிறார்கள். நாலாவது பிள்ளைக்கு அறிகுறி தெரிந்த பிறகு நாத்யாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வாசிலி வீட்டுக்குள் வருவது அதற்கும் பின்னால். நாத்யாவாக நீனா டோரோஷினா, வாசிலியாக அலெக்சாண்டர் மிகாய்லோவ், ரயிசாவாக லியூத்மீலா குர்ச்சென்கோ. மூலம் விளதீமிர் கூர்க்கின் என்ற சைபீரிய நாடகாசிரியர் எழுதிய நாடகம்; தம் ஊர்க்காரர்கள் வாழ்க்கையிலிருந்தே அவர் கதையை எடுத்துக்கொண்டார். பிற்பாடு அந்த ஊரில் கணவன் மனைவி இருவருக்கும் சிலையே வைத்துவிட்டார்கள். தலைவர்களுக்குச் சிலை வைத்துப் பழகிய தேசத்தில், சண்டை போட்டுச் சேர்ந்த ஒரு தொழிலாளி தம்பதிக்குச் சிலை!

மிஸ்ஸியம்மாவுக்கும் புறாப் படத்துக்கும் நடுவே முப்பது ஆண்டும் ஆயிரக்கணக்கான மைலும் இருக்கின்றன. ஆனாலும் இரண்டிலும் ஒரே விஷயம்தான் சிரிப்பை உண்டாக்குகிறது. உரிமையை இழந்து நிற்கும் ஆண், மரியாதையாக நடந்துகொண்டு ஒரு பெண்ணின் வீட்டில் இடம் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. ஒருவனுக்கு உரிமை முதலிலிருந்தே இல்லை. மற்றவன் இருந்ததைத் தொலைத்துவிட்டான்.

தார் சுற்றும் கை

நகரியின் தறி வீடுகளில் இந்தப் பாடத்துக்கு வேலை இருக்கிறது. பாவு ஓட்டுவதும் தறி பார்ப்பதும் கணவன் என்றால், தார் சுற்றிக் கொடுப்பது மனைவி. துணிக்குக் கூலி வரும்போது அது கணவன் கையில் வருகிறது. தார் சுற்றிய கைக்குத் தனிக் கணக்கு இல்லை. சம்பளம் எவன் பெயரில் வருகிறதோ அவன் பேச்சே வீட்டில் செல்லும். மேரிக்குத் தன் சம்பளம் தனியே வந்தது. அதனால்தான் அவளால் பொய்க் கணவனைக் கேள்வி கேட்க முடிந்தது என்பதைப் படம் பார்க்கும் பெண்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள்.

குமாஸ்தாக்கள் வீட்டில் சண்டை வேறு மாதிரி. மனைவி குழந்தைகளை வேலூரிலோ ஆரணியிலோ விட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகும் கணவன் விருந்தாளி ஆகிவிடுகிறான். கூடவே அழைத்து வந்துவிட்டாலோ, பாஷை தெரியாத ஊரில் பகல் முழுவதும் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும் மனைவிக்கு மாலையில் பேச ஒரே ஆள்தான். அந்த ஆளோ பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். இதற்குப் பெயர்தான் கோளாறு. இதில் வில்லனும் இல்லை, ரயிசாவும் இல்லை. ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள்.

அதன் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். இரு வீட்டுப் பெரியவர்களும் கூடுவார்கள். காப்பி கொடுக்கப்படும். பெண்ணைத்தான் முதலில் கூப்பிட்டு நிறுத்துவார்கள். "அனுசரித்துப் போம்மா" என்பார்கள். கணவனுக்குச் சொல்வது "இனிமேல் இப்படி நடக்கக்கூடாது தம்பி" என்ற ஒரு வார்த்தை. அதுவும் தோளைத் தட்டிக்கொண்டே. சேர்த்து வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு பெரியவர்கள் பஸ் ஏறுவார்கள். "நீ போய் அவள் வீட்டு வாசலில் நில், அவள் உள்ளே கூப்பிடும் வரை நில்" என்று மருமகனுக்குச் சொன்ன பெரியவர் எத்தனை பேர்? குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ல் வந்தபோது, சமரசத்துக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நல்ல சட்டம். சமரசம் என்றால் ஒருத்தி மட்டும் இறங்கி வருவது என்று ஊர் வைத்துக்கொண்டிருக்கும் அர்த்தம் கோர்ட் வாசலோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடித்துத் துன்புறுத்தும் கணவன் விஷயம் இதில் சேராது. அவன் ஆற்றங்கரையில் எத்தனை மாதம் காத்திருந்தாலும் கதவு திறக்க வேண்டிய கடமை மனைவிக்கு இல்லை. சிரிப்புப் படத்தைக் காட்டி அவளைச் சமாதானம் செய்ய முயல்வது பாவம். இங்கே பேசுவது, கெட்டவர்களாக இல்லாமலே ஒருவரை ஒருவர் களைக்க வைத்துவிட்ட கணவன் மனைவியரைப் பற்றித்தான். அவர்கள் தொகையும் கொஞ்சமல்ல.

சிரித்தால் குடும்பக் கௌரவம் போய்விடும் என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. மாலையில் வரிசையாக வரும் டெலிவிஷன் தொடர்களில் மருமகளுக்கு விஷம் வைப்பதையும் மாமியாரைப் படியிலிருந்து தள்ளுவதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்களே, அதில் போகாத கௌரவமா மேரியின் கோபத்தில் போய்விடும்? தொடர்களில் சண்டை தீர்ந்துவிட்டால் மறுநாள் விளம்பரம் கிடைக்காது, ஆகவே தீராது. சிரிப்புப் படத்தில் சண்டை மூன்று மணிக்குள் தீர்ந்தாக வேண்டும். ஆகவே எப்படித் தீர்ப்பது என்று எழுதியவர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளி மாநிலத்துத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் விழா எடுக்கின்றன. பட்டிமன்றம் உண்டு; பெரும்பாலும் கணவனா மனைவியா என்ற தலைப்புதான். நடுவர் இரு பக்கமும் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்து தீர்ப்புச் சொல்லுவார். பொறுமை காட்ட வேண்டியவள் சமையற்கட்டுக்குத் திரும்புவாள். அதற்குப் பதிலாக ஒரு வருஷம் மிஸ்ஸியம்மாவைப் போடலாம். அது முதலில் வெளிவந்ததே பொங்கலுக்குத்தான். அடுத்த வருஷம் "கல்யாணம் பண்ணிப் பார்". முடிந்தால் புறாப் படத்தையும் வரவழைத்து, ருஷ்ய பாஷை தெரியாவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைத் தமிழில் சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம். ஊமைப் படக் காலத்தில் கொட்டகைகளில் அப்படித்தான் ஒருவர் நின்று சொன்னார்.

படம் போடும் அன்று ஒரு காரியம் மட்டும் செய்யவேண்டும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவே கட்டும் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். எந்த இடத்தில் அவள் சிரித்தாள், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பதை அவன் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.